ஒன்றேகால் பக்கப் போர்

பெர்கன் க்ரோவ், அயோவா
ஜனவரி 12, 1986

அன்புள்ள அண்ணா,

நானும் அப்பாவும் சௌக்கியம் என்று எழுத ஆசைதான். எனக்கு மூக்கடைப்பு, அவருக்கு முழங்கால். இரண்டு பேரும் நடமாடுகிறோம், அதையே நலம் என்று வைத்துக்கொள். உன் இருமல் விட்டதா?

பள்ளிக்கூடத்துக்குப் புது வரலாற்றுப் புத்தகம் வந்திருக்கிறது. தலைக்கு வைத்துத் தூங்கலாம், அவ்வளவு கனம். பிரித்ததும் முதலில் எந்தப் பக்கத்துக்குப் போயிருப்பேன் என்று உனக்குத் தெரியும். வியட்நாம் போருக்கு ஒன்றேகால் பக்கம் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கால் பக்கத்தின் கடைசியில் நீ இருக்கிறாய். ‘இளைஞர்கள் சிலர் கட்டாயப் படைச்சேர்க்கையை மறுத்துக் கனடாவுக்குச் சென்றனர்.’ அத்தோடு சரி. அடுத்த வரியில் பெட்ரோல் விலை ஏறிவிடுகிறது.

என் வகுப்பு எப்படி ஓடும் என்று சொல்லியிருக்கிறேனே. செப்டம்பரில் கொலம்பஸைக் கப்பலேற்றினால், ஹிட்லர் சாவதற்கும் கோடை விடுமுறைக்கு மணி அடிப்பதற்கும் சரியாக இருக்கும். பதினோராம் வகுப்புக்கு இத்தனை வருடமாக எடுக்கிறேன், 1945-ஐ ஒரு தடவைகூடத் தாண்டியதில்லை. மே கடைசியில், போர் நினைவு நாளுக்கு முந்தின வாரம், அப்பா படைவீரர் சங்கத்துத் தொப்பியோடு வருவார். இத்தாலிச் சண்டையில் அடிபட்ட தோழன் மெல்வினை முதுகில் சுமந்து ஆற்றைக் கடந்த கதையைச் சொல்வார். மெல்வினின் தங்கை ஐரீன் ரூபார்ப் தண்டில் பைப் பலகாரம் சுட்டுக்கொண்டு வருவாள். பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போவார்கள். அமெரிக்க வரலாறு அத்துடன் முற்றும்.

இந்த வருடம் தாண்டியே தீருவது என்று இருக்கிறேன். உள்நாட்டுப் போரைப் பாதி நாளில் முடித்தேன். கெட்டிஸ்பர்கில் செத்துக் கிடப்பவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

உன்னிடம் ஓர் உதவி. பிள்ளைகள் கேள்வி எழுதித் தருவார்கள், நீ பதில் எழுத வேண்டும். பெயர் சொல்லமாட்டேன், ‘கனடாவுக்குப் போன ஒருவர்’ என்று மட்டும் சொல்வேன். போனில் கேட்டிருக்கலாம். அது சமையலறையில் அப்பாவின் நாற்காலிக்கு மேலேதானே தொங்குகிறது. ஜனாதிபதி உங்களையெல்லாம் மன்னித்து ஒன்பது வருடம் ஆகிறது, இவர் இன்னும் மன்னிக்கவில்லை. நீ போன நாளிலிருந்து உன் பெயர் அந்த நாற்காலியிலிருந்து வந்ததில்லை.

சாக்ஸ் தனியே அனுப்பியிருக்கிறேன். காலில் போடு, பெட்டியில் வைக்காதே.

உன் தங்கை,
மார்டெல்

*

டன்ஹோப், சஸ்காட்செவன்
பிப்ரவரி 3, 1986

மார்டிக்கு,

சாக்ஸ் காலில்தான் இருக்கிறது. இருமல் விட்டுவிட்டது. வெளியே போனால் மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, மற்றபடி குறை இல்லை.

சனிக்கிழமை ஐஸ் ஹாக்கிக் கூடத்தில் பக்கத்து ஊரோடு ஆட்டம். நாங்கள் தோற்றோம். எல்லாரும் கத்திவிட்டுப் போனபின் வழக்கம்போல நான் குழாயைப் பிடித்துத் தரைக்குத் தண்ணீர் விட்டேன். விட விட உறைந்துகொண்டே வரும். இத்தனை வருடமாக இதே வேலைதான் செய்கிறேன். இந்த ஊரில் எல்லாருக்கும் என்னைத் தெரியும், என் வீட்டுக்குள் வந்தவர்கள் என்று பார்த்தால் குழாய் ரிப்பேர்க்காரரும் பாதிரியாரும்தான்.

எனக்கு ஒரு வாக்கியம் கிடைத்ததில் சந்தோஷம். செத்தவர்களுக்கும் அதே அளவுதான் கொடுத்திருப்பார்கள், நான் புகார் சொல்ல முடியாது.

பெயர் சொல்லமாட்டாயாம்! பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? அந்த ஊரிலிருந்து இங்கே வந்தவன் நான் ஒருத்தன். ஆனால் நம் ஊர் மரியாதை எனக்கு மறக்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருக்கும், ஒருவரும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். அதனால் ஒன்றும் ஆகாது, கேள்விகளை அனுப்பு.

அப்பா அதே கதையைத்தான் சொல்கிறாரா? இக்கரைக்கு வந்ததும் மெல்வின் கண்ணைத் திறந்து, “ஐரீன்கிட்ட சொல்லிடு” என்று சொல்லிவிட்டுச் செத்தது வரைக்கும்? ஒன்றும் மாறவில்லையா? சும்மாதான் கேட்டேன்.

ஆர்லின்

*

பெர்கன் க்ரோவ்
பிப்ரவரி 23, 1986

அன்புள்ள அண்ணா,

இங்கே பனி இளகி வாசல் முழுக்கச் சேறு. அப்பா அதில் வழுக்கி உட்கார்ந்தார், எலும்புக்குச் சேதமில்லை, கௌரவத்துக்குத்தான். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

கேள்விகளை இதோடு வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் ‘மதிப்புக்குரிய ஐயா’ என்றுதான் ஆரம்பிக்கிறது. நீ சொன்னது சரி. ஒரு பயல் எழுதிவிட்டு அழித்திருக்கிறான், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ‘மதிப்புக்குரிய ஹால்வர்சன்’ என்று நம் குடும்பப் பெயரே தெரிகிறது. கேள்விகளும் பரவாயில்லை. அங்கே பீட்சா கிடைக்குமா? உங்கள் அம்மா அழுதார்களா? உங்களுக்குப் பதிலாக வேறு ஒருவரை அனுப்பியிருப்பார்களே, அவர் யார் என்று யோசித்ததுண்டா? இந்தக் கடைசிக் கேள்வியை மேலாக வைத்து மடித்திருக்கிறேன்.

டீனா கோல்ப் என்று ஒரு பெண். அவள் அப்பா அந்தப் போருக்குப் போய்த் திரும்பி வந்தவர், சாப்பாட்டு மேசையில் உப்பைக்கூடக் கையைக் காட்டித்தான் கேட்பாராம். அவள் கேள்வி ஒரே வரி: ‘நீங்கள் ஏன் போனீர்கள்?’

தலைமையாசிரியர் வெண்ட் என்னை நடையில் பிடித்துக்கொண்டார்.

“ஏன் மார்டெல், ஒன்றேகால் பக்கத்துக்கு இவ்வளவு பாடா? பரீட்சையில ஒரு மார்க்குதானே வரும்?”

“ஒரு மார்க்குன்னாலும் மார்க்குதானே சார்” என்றேன்.

சிரித்தார். பிடிக்கவில்லை என்றாலும் நம் ஊரில் சிரிக்கத்தானே செய்வார்கள்.

உன் தங்கை,
மார்டெல்

*

டன்ஹோப்
மார்ச் 17, 1986

மார்டிக்கு,

நலமாக இருக்கிறேன். நன்றாகச் சாப்பிடுகிறேன், நானே சமைப்பதால் யாரும் குறை சொல்வதில்லை. அப்பா சேற்றில் இனி கம்பு ஊன்றி நடக்கட்டும். நீ சொன்னதாகவே சொல், நான் சொன்னதாக வேண்டாம்.

பதில்கள் தனித் தாள்களில் இருக்கின்றன. பீட்சா உண்டு, சுமார்தான். முதல் குளிர்காலத்தில் ரெஜினா நகர பஸ் நிலையத்தில் படுத்துக்கொண்டது, உருளைக்கிழங்குக் கிடங்கில் வேலை பார்த்தது எல்லாம் எழுதியிருக்கிறேன். பயமாக இருந்ததா என்று கேட்டிருந்தார்கள், இருந்தது என்று எழுதினேன். அம்மா அழுதாளா என்பதற்கு நான் பார்க்கவில்லை என்று எழுதினேன். பார்க்காததுதானே உண்மை. வாராவாரம் எனக்கு எழுதினாள். அவள் போன செய்தி எனக்குக் கிடைத்தபோது இங்கே பனிப்புயலில் பாதை மூடிக்கிடந்தது, அடக்கம் முடிந்துவிட்டிருந்தது. அதைப் பிள்ளைகளுக்கு எழுதவில்லை, உனக்குத்தான் எழுதுகிறேன்.

எனக்குப் பதிலாகப் போனவன் யார் என்று கேட்ட பிள்ளைக்கு நீளமாக எழுதியிருக்கிறேன். யோசிக்காத நாள் இல்லை.

அந்தப் பெண் டீனாவின் கேள்விக்குப் பதில் இல்லை. தவறிவிட்டது என்று சொல்லிவிடு.

ஆர்லின்

*

பெர்கன் க்ரோவ்
ஈஸ்டர், மார்ச் 30, 1986

அன்புள்ள அண்ணா,

பண்டிகை வாழ்த்து. தேவாலயத்தில் கூட்டம், வீட்டில் நானும் அப்பாவும் ஒரு முழுப் பன்றித் தொடையும். இருவர் எவ்வளவுதான் சாப்பிடுவது? உனக்கு அனுப்ப முடிந்தால் அனுப்பியிருப்பேன்.

வியாழக்கிழமை உன் பதில்களை வகுப்பில் வாசித்தேன். பென்சில் சீவும் சத்தம்கூட இல்லை. அண்ணா, வரைபடத்தில் அம்புக்குறிகளாகவே போரைப் பார்த்த பிள்ளைகள் இவர்கள். நீலம் இந்தப் பக்கம் நகரும், சிவப்பு அந்தப் பக்கம் நகரும். பஸ் நிலையத்து பெஞ்சில் ஒருவன் குளிரில் படுத்திருந்தது அவர்களுக்குப் புதிது. முடித்ததும் டீனா கை தூக்கினாள்.

“மிஸ், என் கேள்விக்கு என்ன எழுதியிருக்கார்?”

“தவறிடுச்சாம், டீனா.”

“எதுவும் தவறல மிஸ். பீட்சாவுக்கே அரைப் பக்கம் எழுதியிருக்கார்.”

புத்தகத்தைத் திறக்கச் சொல்லி அவளைத் தட்டிக்கழித்தேன். எனக்கே தெரியாதே! அன்று காலையில் எழுந்தபோது உன் கட்டில் காலி, ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. எனக்குப் பதினேழு வயது. ஊரில் உன்னைக் கோழை என்றார்கள். இல்லை, அவனுக்குக் கொள்கை என்று சண்டை போட்டேன். என்ன கொள்கை என்று கேட்டால் மென்று முழுங்கினேன். அம்மாவுக்காவது தெரிந்திருந்ததா? உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது என்று இத்தனை வருடத்தில் எழுதியதில்லை. இப்போது எழுதுகிறேன், கோபம்தான்.

உன் கடிதங்களைத் தபால் பெட்டியிலிருந்து எடுத்து வருவது யார் தெரியுமா? அப்பாதான். கனடா தபால்தலையைப் பார்ப்பார். ரொட்டி டப்பாவுக்குப் பக்கத்தில் குப்புற வைத்துவிட்டுப் போய்விடுவார்.

எனக்காவது சொல்.

மார்டெல்

*

பெர்கன் க்ரோவ்
ஏப்ரல் 20, 1986

அன்புள்ள அண்ணா,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? பதில் வரவில்லை. நான் எழுதியது சுட்டிருந்தால் சுட்டது என்றாவது ஒரு வரி எழுது.

யாரோ ஒரு பெற்றோர் வெண்டுக்குப் போன் செய்திருக்கிறார். புகார் இல்லையாம், ‘சும்மா விசாரிச்சேன்’ என்றாராம். இங்கே அது புகாரைவிட மோசம். நான் வியட்நாம் பாடத்தைத் தொடங்கிவிட்டேன், நிறுத்தப் போவதில்லை.

டீனா தினமும் வகுப்புக்குள் நுழையும்போது என் முகத்தைப் பார்க்கிறாள். தலையசைக்கிறேன், இல்லை என்று.

மார்டெல்

*

டன்ஹோப்
ஏப்ரல் 29, 1986

மார்டிக்கு,

நோய் நொடி இல்லை. நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

கூடத்தில் பனி உருகிவிட்டது. எல்லாரும் விதைப்புக்குப் போய்விட்டார்கள். வெறும் சிமென்ட் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்த மாதங்களில் ஒரு நாள் முழுக்க என் குரலை நானே கேட்காமல் போய்விடுவதுண்டு.

உன் கோபம் நியாயம். ஆனால் நீ கேட்பது என்னுடையது மட்டும் இல்லை. நான் சொன்னால் அது இன்னொருவர் தலையில் போய் விழும், அவருக்கு இனி அதைத் தாங்கும் வயதும் இல்லை. அதனால் கேட்காதே. அந்தப் பெண்ணிடம், பயந்துதான் போனார் என்று சொல். அது பொய் இல்லை.

அம்மா இறந்த வருடம், கோடையில், நான் காரை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டி வந்தேன். ஒருவரும் தடுக்கவில்லை. காப்பிக் கடை ஒன்றில் உட்கார்ந்து ஒரு துண்டு பைப் பலகாரம் சாப்பிட்டேன். பக்கத்தில் இரண்டு கிழவர்கள் சோள விலை பேசிக்கொண்டிருந்தார்கள், நம் ஊர்ப் பேச்சு மாதிரியே இருந்தது. வீடு வரை வந்தால் அப்பா கதவைத் திறக்கமாட்டார் என்று தோன்றியது. திரும்பிவிட்டேன்.

ஆர்லின்

*

பெர்கன் க்ரோவ்
மே 23, 1986

அண்ணா,

நலம் விசாரிக்க இப்போது பொறுமை இல்லை. நீ நன்றாக இரு, இதை உட்கார்ந்து படி.

நேற்று அப்பா வகுப்புக்கு வந்தார். தொப்பி, இஸ்திரி போட்ட சட்டை, பதக்கம். ஐரீன் பைப் பலகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருந்தாள். செய்தித்தாளுக்குப் படம் எடுக்க வெண்ட் கேமராவோடு நின்றார். அப்பா கதையைச் சொன்னார். ஒரு வார்த்தை மாறவில்லை. ஆற்றுத் தண்ணீர் கழுத்துவரை, முதுகில் மெல்வின், இக்கரை, கண் திறந்தது, “ஐரீன்கிட்ட சொல்லிடு.” ஐரீன் வழக்கம்போலக் கண்ணைத் துடைத்தாள்.

பிறகு, கேள்வி இருக்கிறதா என்று நான் கேட்டேன். டீனா எழுந்தாள்.

“ஹால்வர்சன் சார், எங்களுக்குக் கனடாவிலேருந்து ஒருத்தர் கடுதாசி எழுதினார். போருக்குப் போகாம அங்க போனவர். எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதினார். ஏன் போனீங்கன்னு நான் கேட்டதுக்கு மட்டும் எழுதல. நீங்க போருக்குப் போனவர். அவர் ஏன் போயிருப்பார்னு நினைக்கிறீங்க?”

வகுப்பில் ஒரு தலை நிமிரவில்லை. எல்லாரும் அவரவர் மேசையையே பார்த்தார்கள். வெண்ட் கேமராவின் மூடியைத் தேடினார். நான் டீனாவை உட்காரச் சொல்ல வாய் திறந்தேன், அப்பா கை காட்டி நிறுத்தினார்.

“எழுதலயா?”

“இல்ல சார்.”

“ஒண்ணுமே எழுதலயா?”

“பயந்து போனேன்னு சொல்லச் சொன்னாராம், அவ்வளவுதான்.”

அப்பா தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு பேசினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தையும் எனக்கு மறக்காது.

“நான் வருஷா வருஷம் சொல்ற கதையில ஒண்ணு விட்டுப் போச்சு. விட்டுப் போகல, நான்தான் விட்டேன். மெல்வினைத் தூக்குறப்பவே அவன் உயிரோட இல்ல. எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் தூக்கினேன். சண்டை முன்னால நடக்குது. என்னால அதுக்கு மேல ஒரு அடி முன்னால வைக்க முடியல. வெறுங்கையோட பின்னால வந்தா ஓடுறான்னு பிடிப்பாங்க. முதுகுல ஒருத்தன் இருந்தா வழி விடுவாங்க. விட்டாங்க. பதக்கமும் குடுத்தாங்க. அவன் கண்ணத் திறக்கல. ஒண்ணும் சொல்லல. ஐரீன், அதை நான்தான் சேத்துக்கிட்டேன். உனக்கு ஆறுதலா இருக்கும்னு சேத்தேன். எனக்கும் சௌகரியமா இருந்துச்சு.”

ஐரீனைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

“இத ஒருத்தன்கிட்டதான் சொன்னேன். என் பையன்கிட்ட. அவனுக்குப் பதினாலு வயசு. ஏரியில பனியத் துளை போட்டு மீன் பிடிக்க உக்காந்திருந்தோம். எப்படி வீரனானீங்கப்பான்னு கேட்டான். சொல்லிட்டேன். உனக்கு இப்படி ஒரு நாள் வந்தா பொணத்தத் தேடிக்கிட்டு நிக்காத, அதுக்கு முன்னாலயே நடந்து போயிடுன்னேன். வந்துச்சு, போயிட்டான். ஏன் போனான்னு கேட்டியேம்மா. அவன் பயந்து போகல. நான் சொன்னேன், அதனால போனான். அவன் போனதும் ஊர் என்ன சொல்லுமோன்னு பயந்தது நான்.”

மணி அடித்தது. யாரும் எழவில்லை. ஐரீன்தான் முதலில் எழுந்தாள். பலகாரத்தை மேசைமேல் வைத்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பலகாரத்தை ஒரு பிள்ளையும் தொடவில்லை.

காரில் வரும்போது அப்பா சொன்னது ஒன்றே ஒன்று: “பால் இல்ல, கடையில நிறுத்து.”

நீ இதை முதுகில் சுமந்துகொண்டா இத்தனை வருடம் அங்கே உட்கார்ந்திருந்தாய்? என்னிடம் சொல்லியிருக்கலாமே, அண்ணா. நான் அழுதுகொண்டுதான் எழுதுகிறேன்.

மார்டி

*

டன்ஹோப்
ஜூன் 6, 1986

மார்டிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன்.

எனக்குச் சந்தோஷம் வரும் என்று நீ எதிர்பார்த்திருப்பாய். வரவில்லை. ஐரீனுக்கு அப்படியா தெரிய வேண்டும்? அப்பாவின் பெயர் கெடக்கூடாது என்றுதானே வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். அவர் என்னைத் தலைமுழுகியபோதுகூட, ஊருக்காகச் செய்கிறார், உள்ளுக்குள் அவருக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்வேன். அந்த ஏரியில் சொன்னது அவருக்கும் எனக்கும் மட்டும் என்று இருந்தது. அது என்னிடம் இருந்தவரை அப்பா என்னிடம் இருந்தார். இப்போது வெண்டுக்குக்கூடத் தெரியும்.

பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் கை வெறுமையாக இருப்பதுபோல இருக்கிறது.

ஊர் அவரை எப்படி நடத்துகிறது? மறைக்காமல் எழுது. கூப்பிட்டால் நான் வருவேன் என்று அவரிடம் நீ சொல்லிவிடாதே. அவர் வாயால் வர வேண்டும்.

ஆர்லின்

*

பெர்கன் க்ரோவ்
ஜூன் 15, 1986

அன்புள்ள அண்ணா,

எனக்கு உடம்பு சுகம். அப்பாவுக்கும் உடம்பில் ஒன்றுமில்லை.

மறைக்காமல் எழுதச் சொன்னாய். ஒருவரும் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நினைவு நாள் ஊர்வலத்தில் அவரை நடக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, “முழங்கால் வலியாச்சே ஓர்வில், வீட்ல இருந்து ரெஸ்ட் எடேன்” என்றார்கள். காலைக் காப்பிக்கு முப்பது வருடமாக அவரோடு உட்கார்கிறவர்களுக்கு எல்லாம் திடீரென்று வேலை வந்துவிட்டது. ஒருவருக்குப் பல் டாக்டர், ஒருவருக்கு மாடு. நேற்று அந்தப் பெரிய மேசையில் அவர் மட்டும் உட்கார்ந்து இரண்டாம் கோப்பை வாங்கிக் குடித்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உள்ளே போனால் அவருக்கு அவமானம் என்று வந்துவிட்டேன்.

வெண்ட் சொல்கிறார், “அடுத்த வருஷம் உங்கப்பாவுக்குச் சிரமம் குடுக்க வேணாமே.” ஒரு நல்ல விஷயம் உண்டு. டீனாவின் அப்பா அன்று இரவுச் சாப்பாட்டில், “அந்தக் கிழவர் என்ன சொன்னார், மறுபடி சொல்லு” என்று கேட்டாராம். பிறகு அவரே தன் போரைப் பற்றிப் பேச ஆரம்பித்து, முடிக்கும்போது சாப்பாடு ஆறிவிட்டது என்றாள். ஒன்றேகால் பக்கத்தைத் தாண்டி நான் பாடம் நடத்தியது அந்த ஒரு வீட்டில்தான்.

உன்னைப் பற்றி அப்பா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இருவருக்கும் நடுவில் நான் இருக்கிறேன், இருவரிடமும் இல்லை.

உன் தங்கை,
மார்டெல்

*

பெர்கன் க்ரோவ்
ஜூன் 29, 1986

ஆர்லினுக்கு,

சுகமாக இருக்கிறாயா? எனக்கு முழங்கால் வலி. மற்றது எல்லாம் மார்டெல் எழுதியிருப்பாள், அவளுக்கு ஒன்றும் விட்டுப்போகாது.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. உன் அம்மா எழுதுவாள், ‘அப்பாவும் அன்பு சொல்கிறார்’ என்று அவளாகவே சேர்ப்பாள் என்று தெரியும். நான் வேண்டாம் என்று சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை ஐரீன் வந்தாள். சமையலறையில் உட்கார்ந்தாள். “அவனுக்கு அப்பவே உயிர் போயிடுச்சா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “அப்ப அந்தத் தண்ணியோட குளிர் அவனுக்குத் தெரிஞ்சிருக்காது” என்றாள். தெரிந்திருக்காது என்றேன். காப்பி குடித்துவிட்டுப் போனாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நீ போன அன்று காலையில் நான் தூங்கவில்லை. நீ மாடிப்படி இறங்கியது கேட்டது. மூன்றாம் படியில் நின்றாய். நான் எழுந்து வந்திருந்தால் நீ என்ன செய்திருப்பாய் என்று எனக்குத் தெரியாது. படுத்தே கிடந்தேன். வாழ்க்கையில் நீ என் பேச்சைக் கேட்டது அந்த ஒரு விஷயத்தில்தான். முடி வெட்டு என்றால்கூடக் கேட்டதில்லை. கேட்டவனை ஊருக்கு முன்னால் என் மகன் இல்லை என்றேன். இதை எழுதிவிட்டு வேறு எதையும் என்னால் விளக்க முடியவில்லை.

வா என்று உன்னைக் கூப்பிட எனக்கு வாய் இல்லை. நானே வருகிறேன். புதன்கிழமை விடிந்ததும் பஸ். மினியாபொலிஸிலும் வினிப்பெக்கிலும் மாற வேண்டுமாம், வெள்ளிக்கிழமை மதியம் ரெஜினா என்று டிக்கெட் கொடுக்கிற பெண் சொன்னாள். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்து சேருமா தெரியவில்லை. அவசரத் தபாலில் போடுகிறேன். மார்டெலிடம் சொல்லவில்லை, சொன்னால் கூடவே வருவாள். அவளுக்கு மேசைமேல் சீட்டு வைத்துவிட்டுத்தான் வருவேன். நீ அதுகூட வைக்கவில்லை.

எத்தனை நாள் இருப்பேன் என்று தெரியாது. நீ போ என்றால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன். ஆனால் நிலையத்துக்கு மட்டும் வந்துவிடு. உன்னைத் தவிர அங்கே எனக்கு யாரையும் தெரியாது.

அப்பா